நம்பர் இல்லாத வாளிகள்

இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிக்கொண்டிருந்தேன். லிஃப்டுக்காக நிற்கப் பொறுமை இல்லை. இடது கையால் நைட்டியைத் தூக்கிப் பிடித்திருந்தேன். வலது கை மூடியிருந்தது. அதற்குள் பதினான்கு மாத்திரைகள். விரல்களைத் தளர்த்தினால் உருண்டு விழப் பார்த்தன. இறுக்கினால் உள்ளங்கை வியர்த்துப் பிசுபிசுத்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு நொடி நின்று கையைத் திறந்து பார்த்தேன். மாத்திரைகளின் மேல்பூச்சு வியர்வையில் கசிந்து என் கைரேகையெல்லாம் ரோஸ் நிறமாகியிருந்தது.

மணி ஆறாகப் பத்து நிமிடம். ஏழு நாற்பதுக்கு என் கணவர் ஸ்கூல் வேனை எடுத்துவிடுவார். அதற்குள் அவருக்குச் சாப்பாடு கட்டியாக வேண்டும். அடுப்பே இன்னும் பற்றவைக்கவில்லை.

நான் போய்க்கொண்டிருந்தது மூன்றாவது மாடிக்கு, மருந்துக்கடை அக்கா வீட்டுக்கு. அக்கா தெருமுனை மருந்துக்கடையில் இருபது வருடமாகக் கவுன்டரில் நிற்பவள். தனியாள். ஞாயிற்றுக்கிழமையானால் தங்கை ஒருத்தி வந்து மத்தியானம் வரை இருந்துவிட்டுப் போவாள், நேற்றும் வந்திருந்தாள். எங்கள் கட்டடத்தின் பன்னிரண்டு வீடுகளுக்கும் அக்காதான் பாதி டாக்டர். குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் பெரியவர்களுக்கு மூச்சிரைப்பு என்றாலும் முதலில் தட்டப்படுவது அவள் கதவுதான்.

மாத்திரைகள் எனக்குக் கிடைத்தது முட்டை ஓட்டுக்குள். கட்டடத்துக்குப் பின்னால் நாங்கள் போட்டிருக்கும் தோட்டத்தில் தக்காளிக்கு ஓட்டுத் தூள் போடலாம் என்று எங்களோடு குடியிருக்கும் ஆடிட்டர் சார் எங்கேயோ படித்துவிட்டு வந்து சொன்னார். அதனால் இரண்டு வாரமாகக் எல்லா வீட்டுக் குப்பை வாளிகளையும் உரக் குழியில் கொட்டும்போதே முட்டை ஓடுகளைப் பொறுக்கி ஒரு கூடையில் காய வைத்திருந்தேன். இன்றுதான் முதல் தடவையாக நொறுக்க உட்கார்ந்தேன். கல்லை வைத்து நசுக்கினால் மாவாகிக் காற்றில் போகிறது என்று கையாலேயே நொறுக்கினேன். பத்துப் பதினைந்து ஓடு போயிருக்கும். ஒன்று மட்டும் கையில் கனத்தது. ஒரு பாதி ஓட்டின் மேல் இன்னொரு பாதியைத் தொப்பி மாதிரி கவிழ்த்து மூடியிருந்தார்கள். ஆட்டினேன். கலகலவென்றது. அழுத்தினேன். ஏழு மாத்திரைகள். கூடையைக் கொட்டித் தேடினேன். அதே மாதிரி இன்னொரு ஓடு. அதிலும் ஏழு.

தவறி விழுந்த மாத்திரை ஓட்டுக்குள் போய் உட்கார்ந்து மூடியும் போட்டுக்கொள்ளாது.

அக்கா கதவைத் திறந்தபோது தலையை முடிந்துகொண்டிருந்தாள். மூக்குக் கண்ணாடி கழுத்துச் சங்கிலியில் தொங்கியது. சோப்பு உறையில் இருக்கிற எழுத்தைப் படிக்கக்கூட அதைத் தூக்கி மாட்டுகிறவள். நான் கையை விரித்தேன். அவள் பார்த்தாள். ஒரு பார்வைதான்.

“வலிப்புக்குப் போடறது,” என்றாள். “எங்கடி எடுத்த இதை?”

சொன்னேன். முடியை முடிந்த கை தலையிலேயே நின்றது. பிறகு ரொம்ப நிதானமாக, கடையில் சொல்வது மாதிரி சொன்னாள். தினம் ஒன்று போட வேண்டியது. போட்டுக்கொண்டிருப்பவர்கள் திடீரென்று விட்டால் வலிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அடுப்படியில் வரும், மாடிப்படியில் வரும், ரோட்டில் வரும். சொல்லிவிட்டு வெளியிலிருந்து என் விரல்களை மடக்கிக் கையை மூடினாள்.

“யார்கிட்டயும் இப்ப சொல்லாத. சாயங்காலம் வரைக்கும் பொறு. நான் பாத்துக்கறேன்.”

பொறுத்திருக்கலாம். எனக்கு அந்தப் புத்தி இல்லை. கீழே எங்கள் வீட்டுக்கு வந்து, ஒரு தட்டில் மாத்திரைகளைப் பரப்பி, போனில் படம் எடுத்துத் தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன். வலிப்பு மாத்திரை, ஓட்டுக்குள் கிடைத்தது, யாராக இருந்தாலும் தயவுசெய்து விடாமல் சாப்பிடுங்கள், உங்களுக்கு ஒன்றென்றால் எங்களுக்குத் தாங்காது என்று கீழே எழுதினேன். நல்லது செய்கிற திருப்தியோடு அரிசியைக் கழுவப் போனேன்.

இப்படி எழுதுகிற அளவுக்கு நாங்கள் ஒட்டிக்கொண்டது இந்த ஆறு மாதத்தில்தான். அதற்கு முன் ஒன்பது வருடம் இதே கட்டடத்தில் குடியிருந்தும் வாசலில் கிடக்கிற செருப்பை வைத்துத்தான் ஒருவரை ஒருவர் தெரியும். பின்பக்க நிலத்தில் உடைந்த டைல்ஸும் பழைய கழிப்பறைப் பீங்கானும் முழங்கால் உயரப் புல்லும்தான் இருந்தன. அதன் நடுவில் ஒரு நாள் பூசணிக் கொடி ஒன்று தானாக முளைத்தது. பாத்திரம் கழுவிய தண்ணீரை நான் அதற்கு ஊற்றப் போக, பொது இடத்தில் தனிப்பட்ட விவசாயம் கூடாது என்று ஆடிட்டர் சார் நோட்டீஸ் ஒட்டினார். கொடி காய்த்தது. முதல் காயை அவர் வீட்டுக்குத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் அவரே நோட்டீஸைக் கிழித்துவிட்டு மண்வெட்டியோடு வந்து நின்றார். பிறகு ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். முதல் தளத்து பேங்க்காரர், ரெட்டைப் பெண் குழந்தைகளின் அப்பா, கைக்கு உறை மாட்டிக்கொண்டு பீங்கான் பொறுக்கினார். வேலையோடு வேலையாக என் கணவரிடம், “அண்ணே, அந்தக் கடப்பாரையை இப்படிக் குடுங்க” என்றார். அதுவரை அவர் வாயில் என் கணவர் வெறும் ‘டிரைவர்’தான். அன்று ராத்திரி என் கணவர் அதை என்னிடம் இரண்டு தடவை சொன்னார், சாதாரணமாகச் சொல்வது மாதிரி.

குப்பைக் குழி வந்ததும்தான் வம்பும் வந்தது. வீட்டுக்கு ஒரு பச்சை வாளி. ராத்திரி ஒன்பதுக்குள் கீழே குழி ஓரம் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். காலையில் நான் கொட்டுவேன். ஆடிட்டர் சார் ஒவ்வொரு வாளியிலும் வெள்ளைப் பெயின்டில் வீட்டு நம்பர் எழுதினார். அவ்வளவுதான், வாளியைப் பார்த்து வீட்டை எடைபோட ஆரம்பித்துவிட்டார்கள். நாலாம் நம்பரில் அடுப்பே மூட்டுவதில்லை, எல்லாம் ஓட்டல் சாப்பாடு. பன்னிரண்டில் ஆக்கிய சோறு ஆக்கியபடி வருகிறது, புருஷனும் பெண்டாட்டியும் முகம் பார்ப்பதில்லை போலிருக்கிறது. பேச்சு வளர்ந்து ஒருத்தி வாளியை நடு வராந்தாவில் கவிழ்த்து, “நல்லா எண்ணிக்கங்க” என்று கத்துகிற வரை போனது.

கூட்டம் போட்டோம். நான்தான் எழுந்து சொன்னேன், குழியில் போட்டால் தொண்ணூறு நாளில் எல்லாம் மண்ணாகிவிடும், யார் வீட்டுது என்று மண்ணுக்குத் தெரியாது, நமக்கு மட்டும் எதற்கு என்று. கைதட்டினார்கள். அன்றைக்கே டர்பன்டைன் வாங்கிவந்து நம்பரையெல்லாம் அழித்தோம். பன்னிரண்டு வாளியும் ஒரே அச்சு. ஆனாலும் அவரவர் வாளியை அவரவருக்குத் தெரியும். ஒருவர் விளிம்பில் சூடு வைத்திருந்தார், இன்னொருவர் பிடிக்குள் நூல் சுற்றியிருந்தார். எங்கள் வாளிக்கு அடிப்பக்கம் ஆணியால் ஒரு கோடு கிழித்திருந்தேன். கவிழ்த்தால்தான் தெரியும்.

அரிசியைக் களைந்துகொண்டே சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அக்கா தோட்டத்துக் குழாயடியில் குனிந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். மண்ணைத் தொட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். இன்னும் கொட்டாத பன்னிரண்டு வாளிகளும் பக்கத்தில் வரிசையாக இருந்தன. நான் சொன்னதைக் கேட்டுக் குழியைப் பார்க்க இறங்கியிருப்பாள் என்று நினைத்தேன். பின்னால் ஆடிட்டர் சார் கையில் போனோடு வேகமாக வந்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் என் போனும் துள்ள ஆரம்பித்தது.

முதலில் ஐயோ பாவம் யாரோ என்றார்கள். அடுத்து, யாராக இருக்கும் என்றார்கள். ஒவ்வொருவராக எங்கள் வீட்டில் இல்லை, எங்கள் வீட்டில் இல்லை என்று கையைத் தூக்கினார்கள். ஆறு இருபத்தைந்துக்கு பேங்க்காரர் ஒரே ஒரு வரி எழுதினார். நம் குழந்தைகளின் உயிரை தினமும் கையில் வைத்திருப்பவர் இந்தக் கட்டடத்தில் யார்?



குளித்துவிட்டுத் துண்டோடு வந்த என் கணவர் என் தோளுக்கு மேலிருந்து அந்த வரியைப் படித்தார். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். அவர் யூனிஃபார்ம் சட்டையை எடுத்து மாட்டினார். மேல் பொத்தானைப் போட முடியாமல் இரண்டு தடவை தவறவிட்டார். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குள் ஒன்று அசைந்தது. போன மாதம் ஒரு நாள் வேனை ரோட்டோரம் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக் கிடந்ததாகச் சொன்னார். கண்ணை இருட்டிக்கொண்டு வந்ததாம். வெறும் வயிற்றோடு தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டதுதான் காரணம், வேறொன்றும் இல்லை என்றார். யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னார். சீ, என்ன நினைப்பு என்று அரிசியை உலையில் போட்டேன். அந்த நினைப்பு போகவில்லை.

ஏழு மணிக்கு எல்லோரும் குழியைச் சுற்றி நின்றார்கள். ஆடிட்டர் சார்தான் வழி சொன்னார். நேற்று ராத்திரி ஒன்பதுக்கே வாளிகள் கீழே வந்துவிட்டன. இன்றைய வாளியிலும் மாத்திரை இருக்கலாம். வேன் கிளம்புவதற்குள் அவரவர் வாளியை அவரவரே எல்லோர் முன்னாலும் கொட்டிவிடுவது. ஒளிக்க ஒன்றும் இல்லாதவர்களுக்கு என்ன பயம் என்று முடித்தார். முதல் வாளியும் அவருடையதுதான். கொட்டினார். காய்கறித் தோலுக்கு நடுவில் கேக் பெட்டியின் அட்டை ஒன்று மடித்துக் கிடந்தது. ஆடிட்டர் சாருக்குச் சர்க்கரை. அவர் மனைவி குனிந்து அந்த அட்டையை எடுத்து, மடிப்பை நீவி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி குழியைச் சுற்றிக் கட்டியிருந்த திட்டின் மேல் வைத்தாள். யாரோ சிரித்தார்கள். அன்று காலையின் கடைசிச் சிரிப்பு அதுதான்.

பேங்க்காரர் வாளியில் நாங்கள் போன வாரம் பங்கு பிரித்துக்கொடுத்த அவரைக்காய் கிள்ளாமல் அப்படியே வாடிக் கிடந்தது. அவர் வேறு பக்கம் பார்த்தார். பன்னிரண்டாம் நம்பரில் சோறு இல்லை, சமாதானமாகிவிட்டார்கள் போலிருக்கிறது. அக்கா தன் வாளியைக் கவிழ்த்தாள். டீத்தூள், இரண்டு வாழைப்பழத் தோல், வெங்காயச் சருகு. அவ்வளவுதான் ஒரு தனியாளின் வாளி. கவிழ்த்துவிட்டுக் குழாயடிக்கே திரும்பிப் போய் நின்றுகொண்டாள்.

எங்கள் வாளிதான் கடைசி. என் கணவர்தான் தூக்கினார். அடியிலிருந்த ஆணிக் கோட்டை எனக்குக் காட்டி, சரிதானே என்பது போலத் தலையசைத்துவிட்டுக் கவிழ்த்தார். கீரைத் தண்டு விழுந்தது. பூண்டுத் தோல் விழுந்தது. கடைசியாக ஒரு முட்டை ஓடு விழுந்து, குவியலின் சரிவில் உருண்டு, பேங்க்காரர் காலடியில் போய் நின்றது. ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்து மூடிய ஓடு. உருளும்போது கலகலவென்ற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

நான் என் கணவரைப் பார்த்தேன்.

அந்தப் பார்வையை இப்போது திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன். ஒரு நொடிதான். அதற்குள் அவர் அதைப் பார்த்துவிட்டார். ஊர் முழுக்கச் சேர்ந்து பார்த்ததை அவர் தாங்கிக்கொண்டு நின்றிருப்பார். என் கண்ணைப் பார்த்த பிறகுதான் அவர் கையிலிருந்த வாளி தரையில் விழுந்தது. அடுத்த நொடியே எனக்கு உறைத்தது. முட்டை! எங்கள் வீட்டில் ஏது முட்டை? முட்டை பட்டால் அவருக்கு உடம்பெல்லாம் தடித்துக்கொள்ளும். கல்யாணமான முதல் மாதத்தோடு அதை நாங்கள் நிறுத்தியாயிற்று.

அதைச் சொன்னேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

பேங்க்காரர் ஓட்டை எடுத்துத் திறந்தார். எண்ணினார். ஏழு. “வீட்ல முட்டை இல்லாம இருக்கலாம். ஓட்டுக்கு என்ன பஞ்சம்? இதோ ஒரு கூடை நெறைய இருக்கே. அதுக்குக் காவலே நீங்கதான்,” என்றார். அப்புறம் என் கணவர் பக்கம் திரும்பினார். “டிரைவர், போன மாசம் வேனை ஓரமா நிறுத்திட்டுப் பத்து நிமிஷம் தலையைக் கவுத்துப் படுத்திருந்தீங்களாமே. புள்ளைங்க சொல்லுது. உண்மையா இல்லையா?”

டிரைவர். ஆறு மாதத்து அண்ணன் எங்கே போனான் என்று தெரியவில்லை.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குழந்தைகள் பேச்சு என்று தள்ளியிருக்கலாம். என் மனுஷனுக்கு அது வராது. “உண்மைதான் சார். அன்னிக்கு ஒன்னும் சாப்பிடல, கண்ணைக் கட்டிச்சு. அதனாலதான் நிறுத்தினேன். ஓட்டிட்டே போகல,” என்றார். “இந்த மாத்திரை என்னுது இல்ல.”

  எட்டு வீட்டுக் குழந்தைகள் அந்த வேனில் போகின்றன. நான் அந்தப் பக்கம் நின்றிருந்தால் நானும் இதைத்தான் கேட்டிருப்பேன்.  பேங்க்காரர் கெட்டவர் இல்லை.  வாசல் பக்கத்தில் வேன் நின்றிருந்தது. அவருடைய ரெட்டைப் பெண்கள் வழக்கம்போல எல்லோருக்கும் முன்னால் ஏறிவிட்டிருந்தார்கள். ஹார்னை ஒருத்தி அமுக்கினாள், இன்னொருத்தி அமுக்கினாள். தினமும் அதைக் கேட்டால் என் கணவர், இதோ வந்துட்டேன் மகாராணிகளா என்று இங்கிருந்தே குரல் கொடுப்பார்.

இன்றைக்குக் குழந்தைகளை அவரவரே கொண்டுபோய் விடுவது என்று முடிவானது. ஸ்கூலுக்குத் தெரிவிப்பதா வேண்டாமா என்று பேச்சு எழுந்தது. தெரிவிக்கத்தான் வேண்டும் என்றார்கள் இரண்டு பேர். ஸ்கூலுக்குத் தெரிந்தால் லைசென்ஸ் போகும், வேன் போகும், பதினேழு வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டிய கை வீட்டில் உட்காரும். டாக்டரிடம் போய்ச் சீட்டு வாங்கி வருகிறேன், எத்தனை டெஸ்ட் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னேன். வலிப்பு, வராதபோது டெஸ்டில் தெரியாதாமே என்றது ஒரு குரல். எல்லோரும் படித்தவர்கள்.

என் கணவர் பேன்ட் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். வீட்டுச் சாவியைக் கழற்றிக்கொண்டு வேன் சாவியைக் குழித் திட்டின் மேல், அந்த கேக் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். வைத்துவிட்டு விலகி, தக்காளிப் பாத்தி ஓரத்தில் போய் நின்றார். சாய்ந்திருந்த ஒரு செடியின் கொம்பை நிமிர்த்திக் கட்டத் தொடங்கினார். அப்போது அதைத் தவிர அவர் கைக்கு வேறு வேலை இல்லை.

“எதுக்கும் அது அதே மாத்திரைதானான்னு பாத்துருவோம்,” என்றார் ஆடிட்டர் சார். ரூல்படி நடக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. “அக்கா, கொஞ்சம் வாங்க.”

அக்கா குழாயடியிலிருந்து வந்தாள். கையில் தண்ணீர் சொட்டியது. காலையில் முடிந்த முடி அவிழ்ந்திருந்தது. பேங்க்காரர் மாத்திரைகளை நீட்ட, அவள் வாங்கிக்கொள்ளக் கையை விரித்தாள்.

அவள் விரல்களைப் பார்த்தேன்.

நகக்கண்களிலும் கைரேகைகளிலும் ரோஸ் நிறம். கழுவியும் போகாத நிறம். நான் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டேன். எனக்கும் அதே நிறம்தான். ஆனால் நான் பதினான்கு மாத்திரையை வியர்வையோடு பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். அக்கா காலையில் ஒன்றையும் தொடவில்லை. வெளியிலிருந்து என் விரல்களைத்தான் மூடினாள்.

குழாயடி. வரிசையாக வாளிகள். பின்னால் வந்துகொண்டிருந்த ஆடிட்டர் சார். ஏழு மாத்திரை, வாரம் ஒரு ஓடு. நேற்று ஞாயிற்றுக்கிழமை.

தலையை நிமிர்த்தினேன். அக்கா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. வாய் வரை வந்துவிட்டது. இதோ இவள்தான் என்று ஒரு வார்த்தை. அந்தச் சாவி திரும்ப என் வீட்டு ஆணியில் தொங்கும். அந்த வார்த்தையோடு அக்காவின் கவுன்டர் போய்விடும். வலிப்பு வருகிறவளிடம் எந்த முதலாளி மருந்தை எண்ணிக் கொடுக்கச் சொல்வான்? காலையில் ஒரு படத்தைப் போட்டு ஒரு ஆளைக் குழியில் தள்ளியாயிற்று. இன்னொரு ஆளா? பல்லைக் கடித்துக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், இன்னும் ஐந்து எண்ணியிருந்தால் சொல்லியிருப்பேன்.

வேற மாத்திரை, இது சத்து மாத்திரை என்று அக்கா சொல்லிவிடலாம். அவள் சொன்னால் எல்லோரும் நம்புவார்கள். என் கணவரும் தப்பிப்பார், அவளும் தப்பிப்பாள். அதைச் சொல்லிவிடு அக்கா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

“அதேதான்,” என்றாள்.

பேங்க்காரர் மூச்சை விட்டார். “கண்ணாடியைப் போட்டு ஒரு தடவை நல்லா பாத்துச் சொல்லுங்கக்கா. ஒருத்தர் பொழப்பு.”

“அதனாலதான் சொல்றேன். ஒன்பது வருஷமா தினம் பாக்கற மாத்திரை. இதுக்கு எதுக்குப்பா கண்ணாடி?”

யாருக்கும் உடனே விளங்கவில்லை. ஆடிட்டர் சார் கடையில் பார்ப்பதைச் சொல்கிறாள் என்று நினைத்துத் தலையாட்டிக்கூட விட்டார். அக்கா அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. தக்காளிப் பாத்தியில் கொம்பு கட்டிக்கொண்டிருந்த முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

“இதைப் போட்டா சீட்டுல இருக்கற எழுத்தெல்லாம் நகருதுப்பா. போன வருஷம் ஒரு குழந்தைக்குக் கொடுக்க வேண்டிய மருந்தை மாத்தி எடுத்துட்டேன். நல்லவேளை, பில் போடறப்போ பாத்துட்டேன். அதுலேர்ந்து போடறதில்ல. தங்கச்சி வாராவாரம் வந்து மாத்திரை அட்டையை எண்ணறா, அவளுக்காகப் பிரிச்சு எடுத்து ஓட்டுல போட்டேன். நேத்து ராத்திரி போட்டதை எடுத்துடலாம்னுதான் காலையில இறங்கினேன். எடுத்தேன். ஓடு கையிலேயே திறந்துக்கிச்சு. மூடி எடுத்துட்டுப் போறதுக்குள்ள சார் வந்துட்டாரு. பக்கத்துல இருந்த வாளியில விட்டுட்டேன்.”

என் கணவர் திரும்பவில்லை. கட்டிக்கொண்டிருந்த கயிறு மட்டும் கையில் அப்படியே நின்றது.

“உன் வாளின்னு தெரியாதுடி,” என்று அக்கா என்னிடம் சொன்னாள். “நம்பர் இல்லையே.”

வாசலில் ரெட்டைப் பெண்கள் மறுபடி ஹார்ன் அடித்தார்கள். வேன் சாவி திட்டின் மேலேயே கிடந்தது. அக்கா விரித்த கையை மூடவே இல்லை. குழாய்த் தண்ணீரில் ஏழு மாத்திரையின் மேல்பூச்சும் கரைந்து, ரோஸ் நிறம் மணிக்கட்டு வழியாக இறங்கி, அப்போதுதான் கொட்டிய எங்கள் பன்னிரண்டு வீட்டுக் குப்பை மேலும் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.